அந்த நீலப் பட்டன்

இது ஒரு குழந்தையோட கணக்கு, பெற்றோர்கிட்ட அனுமதி கேளுன்னு லேப்டாப் திரை சொல்லிட்டு. இங்கிலீஷ்லதான். ஆனா நல்ல தடிச்ச எழுத்து, வெள்ளைத் திரை, கீழ ஒரு நீலப் பட்டன், அதுக்கு மேல 'கேள்'னு ஒத்த வார்த்தை, யாரு வேணும்னாலும் படிக்கலாம். ரெஜினா அக்கா படிக்கல, அவங்க சுவர்க் கடிகாரத்தைப் பாத்துட்டு நின்னாங்க. படிச்சது ஜெனோவா. அவங்க மக, ஒன்பது வயசு, பிறந்ததுல இருந்து காது கேக்காது, அதனாலயோ என்னவோ கண்ணுல ஒண்ணும் தப்பாது. திரையைப் பாத்தா, என்னைப் பாத்தா, அம்மாவோட நைட்டியைப் பிடிச்சு இழுத்தா, திரையைக் காட்டினா, என்னைக் காட்டினா, அப்புறம் உள்ளங்கையைத் தரையைப் பாக்க வச்சு தன் இடுப்பு வரைக்கும் இறக்கினா, யோசிச்சுட்டு இன்னும் கொஞ்சம் இறக்கினா. அந்தக் கைப்பாஷை எனக்குத் தெரியாது. ஆனா அந்தக் கை எவ்வளவு உயரத்துல நின்னுச்சுன்னு தெரியுமே. அக்கா சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கிட்டாங்க. "என்னக்கா சொல்லுதா?"ன்னேன். "ஒண்ணுமில்ல தம்பி, நீ பாரு"ன்னாங்க. நீ பாரு. நான் வந்தப்ப 'நீங்க பாருங்க தம்பி'ன்னுதான் சொன்னாங்க, நாற்காலியைத் துடைச்சுப் போட்டாங்க, இப்ப 'நீ'. இல்ல, முதல்லயே 'நீ'ன்னுதான் சொன்னாங்களோ என்னவோ, ஞாபகம் இல்ல, காது ரெண்டும் சுடும்போது எதுவும் சரியா ஞாபகம் வராது. டிப்ளமோ முடிச்சிருக்கேன்னு இவங்ககிட்ட சொன்னது நான். இருபது வயசுன்னு சொன்னதும் நான்தான், அவங்க கேக்கவே இல்ல. ஈஸ்டருக்கு அப்புறம்தான் எங்க தெருவுக்குக் குடிவந்தவங்க, எதைச் சொன்னாலும் நம்புவாங்க, எங்க அம்மா வேற தண்ணிக் குழாயடியில 'எம்மவன் கம்ப்யூட்டர்ல என்ன கோளாறுன்னாலும் சரி பண்ணிருவான்'னு ஊதிவிட்டிருக்கு. அந்த ஊதலை நம்பித்தான் இன்னைக்குக் கூப்பிட்டாங்க. இவங்க வீட்டுக்காரர் டெல்மார் அண்ணன் கப்பல்ல இருக்காரு. நாலு மணிக்கு ஏதோ ஒரு துறைமுகத்துக்கு வெளிய நங்கூரம் போடுவாங்களாம், அப்ப கூப்பிடுவாராம், அதுக்கப்புறம் நடுக்கடல்தான், அடுத்து எப்பன்னு தெரியாதாம், ஏஜென்ட் ஆபீஸ்ல இருந்து ஆள் வந்து சொல்லிட்டுப் போனாங்க. கப்பல் நெட்டுல ஒரே ஒரு வீடியோ கால் ஆப்தான் ஓடும், மத்ததெல்லாம் அடைச்சு வச்சிருக்கு. அக்கா போன் துணி ஊறவச்ச வாளிக்குள்ள விழுந்து செத்துப்போச்சு. என் போன் பழசு, அதுல அந்த ஆப் ஏறாது, அதை முதல்லயே பாத்துட்டேன். மிச்சம் இருக்குறது அண்ணன் போன தடவை வாங்கி வச்சுட்டுப் போன இந்த லேப்டாப். மத்த புள்ளைங்கன்னா யாரு போன்லயாவது குரலைக் கேட்டுட்டுப் போயிரும். இவளுக்குக் குரல் எதுக்கு? அவ அப்பாவோட ரெண்டு கையும் தெரியணும், இவளோட ரெண்டு கையும் அவருக்குத் தெரியணும். மணி மூணே கால்.

லேப்டாப்ல இருக்குற ஸ்டோர்ல அந்த ஆப் இலவசம்தான். எடுக்கப் போனா உள்ள வா, கணக்கு போடுன்னுச்சு. அக்காவுக்குக் கணக்கு கிடையாது, அண்ணனோடது என்னன்னு தெரியாது. புதுசா ஒண்ணு ஆரம்பிக்கலாம்னு என் நம்பரைப் போட்டேன், இந்த நம்பரை நிறைய தடவை பயன்படுத்தியாச்சுன்னு திருப்பி அடிச்சிட்டு. அடிக்கத்தான் செய்யும், தெருவுல பாதிப் பேரு கணக்கை என் நம்பர்லதான் போட்டு வச்சிருக்கேன். சரி, என்னோடதையே போடுவோம், என்னத்த ஆகப் போவுதுன்னு போட்டேன். 'இப்ப பாருங்கக்கா, ஒரு நிமிஷம்'னு வேற சொன்னேன், விரலைச் சொடுக்கிக்கிட்டே. அப்பத்தான் அந்த வெள்ளைப் பக்கம் வந்துச்சு. எனக்கு மறந்தே போச்சு. ஒன்பதாம் வகுப்புல லேப்ல வச்சு எல்லாருக்கும் கணக்கு ஆரம்பிச்சப்ப, பிறந்த தேதியை உள்ளபடி போடுங்கலே, பொய் எழுதப்படாதுன்னு ஞானதுரை சார் சொன்னாரு, உள்ளபடி போட்டோம். அடுத்த பக்கத்துல, நீ சின்னப் பிள்ளை, அப்பாவோ அம்மாவோ ஈமெயில் குடுன்னுச்சு. யாரு வீட்டுல இருக்கு ஈமெயில்? எங்க அப்பா ஷெட்டுல வெல்டிங் அடிக்கிறவரு, அவருகிட்ட ஈமெயில் கேட்டா எந்தக் கடையில விக்குன்னு கேப்பாரு. கிளாஸே கைய கட்டிக்கிட்டு உக்காந்திருந்துச்சு. சார் ஒவ்வொரு சிஸ்டமா வந்து குனிஞ்சு தன் ஈமெயிலையே அடிச்சாரு. கிளாஸ்ல இருந்த அத்தனை பேருக்கும். கம்ப்யூட்டர் கணக்குப்படி எங்க எல்லாருக்கும் அவருதான் அப்பா. 'எப்பா, எனக்கு ஒரு சைக்கிள் வாங்கித் தாங்கப்பா'ன்னு பின்பெஞ்சுல இருந்து ஒருத்தன் கத்தினான், பொம்பளைப் பிள்ளைங்க எல்லாம் விழுந்து விழுந்து சிரிச்சுது, சார் கோபப்படல, அவரு கலியாணம் முடிக்காத ஆளு, கழுத்துல மடத்து பிரதர் மாதிரி ஒரு சிலுவை, அவரும் சிரிச்சாரு. சிரிச்சுட்டு, 'எலே, எதை எடுக்கணும்னாலும் இனி இந்தப் பட்டன்தான் வரும், பயப்படாதீங்க. அமுக்குங்க. எனக்கு வரும், நான் சரின்னு அமுக்கிருதேன். ராத்திரின்னாலும் அமுக்கிருதேன். நீங்க கேக்க மட்டும் கேளுங்க'ன்னாரு. மத்த பசங்க எல்லாம் அப்புறம் வயசை மாத்திப் புதுக் கணக்கு ஆரம்பிச்சுட்டானுக. நான் மாத்தல. எதுக்கு மாத்தலன்னு கேட்டா சோம்பேறித்தனம்னு வச்சுக்கலாம். இப்ப அந்தப் பட்டன் இங்க, யாரோ ஒருத்தங்க வீட்டு மேசையில, பக்கத்துல சார் ஈமெயிலோட முதல் எழுத்து, அதுக்கு அப்புறம் வரிசையா நட்சத்திரம். அமுக்கினா ஞானதுரை சார் போன் டிங்குன்னும். உங்கள் குழந்தை கிளாட்வின் ஒன்று கேட்கிறான்னு வரும். நான் பள்ளிக்கூடத்தை விட்டு எட்டு மாசம் ஆச்சு. அந்த மனுசன் என்னை நடுரோட்டுல கூப்பிட்டுக்கிட்டே வந்தப்ப காது கேக்காதவன் மாதிரி சைக்கிளை மிதிச்சவன் நான்.

"நெட்டு கொஞ்சம் ஸ்லோக்கா, வேற வழி இருக்கு"ன்னு சொல்லி அந்தப் பக்கத்தைக் கீழ இறக்கிட்டு, திரையில கட்டளை அடிக்கிற கறுப்பு ஜன்னலைத் திறந்தேன். நெட்டு ஸ்லோ இல்ல. நெட்டும் என்னோடதுதான், என் போன்ல இருந்து ஹாட்ஸ்பாட், போனை ஜன்னல் கம்பி ஓரமா சிக்னலுக்காகச் சாச்சு வச்சிருந்தேன், நாலு கோடும் முழுசா இருந்துச்சு. பொய் சொல்லும்போது எனக்கு அவ்வளவு சாதாரணமா வருது. கறுப்பு ஜன்னல் வந்ததும் அக்கா ஒரு அடி பின்னால போனாங்க. எல்லாரும் அப்படித்தான், கறுப்புல வெள்ளை எழுத்தைப் பாத்தா ஆபரேஷன் தியேட்டர் வாசல்ல நிக்கிற மாதிரி நிப்பாங்க, அது எனக்குப் பிடிக்கும், அதுக்காகவே சில வீட்டுல சும்மா திறந்து ரெண்டு வரி அடிச்சுட்டு மூடியிருக்கேன். இன்னைக்கு நிஜமாவே தேவை. இதுவும் நானா கண்டுபிடிச்சது இல்ல, எவனோ ஒரு வடக்கத்திப் பையன் வீடியோவுல சொன்னான்: இலவச ஆப்புன்னா கணக்கு இல்லாமலே எடுக்கலாம், ஸ்டோர் வாசல்லதான் காவலு, விங்கெட்னு ஒரு கட்டளையை அடிச்சுப் பின்வாசல்ல போய்க் கேட்டா யாரு நீன்னு கேக்காம எடுத்துக் குடுக்கும். பின்வாசல்னா திருட்டு வாசல் இல்ல, அதையும் அவங்கதான் கட்டி வச்சிருக்காங்க. ஆப் பேரைத் தேடச் சொன்னேன். ஒரே பேர்ல ரெண்டு வந்துச்சு, ஒண்ணு வேற எங்கயோ இருந்து, இன்னொண்ணு ஸ்டோர்ல இருந்து, ஸ்டோர்ல இருக்குறதுக்கு நேரா எண்ணும் எழுத்துமா ஒரு நீளக் குறி. அந்தக் குறியை ஒவ்வொண்ணா பாத்து அடிச்சேன். அதுக்கு முந்தி ஒரு தடவை வேற ஏதோ தப்பா அடிச்சு முழுக்கச் சிவப்பா வந்துச்சு. ஜெனோவா சிவப்பைப் பாத்ததும் என் முகத்தைப் பாத்தா. இவ ஏன் திரையைப் பாக்காம என்னைப் பாக்கா? மத்தவங்களுக்கு நான் வாயால சமாளிச்சிருவேன், இது இப்படித்தான் வரும், பயப்படாதீங்கம்பேன். இவகிட்ட வாய் செல்லாது. விதிமுறைக்குச் சம்மதமா, ஆம்னா 'ஒய்', இல்லைன்னா 'என்' அடின்னு கேட்டுச்சு. ஒய் அடிச்சேன். கணக்கு கேக்கல, வயசு கேக்கல, அப்பா யாருன்னு கேக்கல. ஒரு கோடு இடது பக்கத்துல இருந்து கட்டை கட்டையா நகர ஆரம்பிச்சுது. அந்த நேரம் பாத்து அக்கா ஒரு டம்ளரைக் கொண்டுவந்து வச்சாங்க. பூஸ்ட். டீ இல்ல, காபி இல்ல, பூஸ்ட். வந்தப்ப 'டீ போடட்டுமா தம்பி'ன்னுதானே கேட்டாங்க? ஜெனோவா அந்தப் பக்கத்தைப் படிச்சுக் காட்டினதுக்கு அப்புறம் பூஸ்ட். ஜெனோவாவுக்கும் அதே மாதிரி ஒரு டம்ளர், அதே அளவு, மேல அதே நுரை. குழந்தைங்க ரெண்டு பேருக்கும். நன்றிக்கான்னேன். குடிக்கல.

பத்து சதவீதம். பன்னெண்டு. வேலை எல்லாம் கோடுதான் செய்யுது, எனக்கு ஒண்ணும் இல்ல, கையைத் தொடைக்கு அடியில வச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன். சும்மா இருக்கும்போதுதான் வரும். எல்லாரும் என்ன நினைக்கிறாங்கன்னா வீட்டுல கஷ்டம், அதனால பாதியில நின்னுட்டான்னு. அம்மாவும் அப்படித்தான் சொல்லும், அது கௌரவமான காரணம். கஷ்டம் இல்ல. எங்க அப்பா படி படின்னுதான் சொன்னாரு. பதினொண்ணாம் வகுப்புல கெமிஸ்ட்ரி புரியல, அவ்வளவுதான் விஷயம். முதல் வாரமே புரியல. மிஸ் 'புரியுதா?'ன்னா கிளாஸ் முழுக்கத் தலையை ஆட்டும், நானும் ஆட்டுவேன். ஒரு தடவை ஆட்டியாச்சுன்னா அடுத்த வாரம் எப்படிக் கேக்க? போன வாரம் ஆட்டினியேலேன்னு கேட்டா? ஒரு மாசம் ஆட்டினதுக்கு அப்புறம் கேக்கவே முடியாது, அப்புறம் கேள்வியே என்னன்னு தெரியாது. காலாண்டுல பேப்பரை வெள்ளையா குடுத்தேன். ஞானதுரை சாருக்கும் கெமிஸ்ட்ரிக்கும் சம்பந்தமே இல்ல, ஆனா ஸ்டாஃப் ரூம்ல பேச்சு வந்திருக்கும், வராண்டாவுல பிடிச்சுக்கிட்டாரு. 'சாயங்காலம் லேபுக்கு வா. எனக்கும் கெமிஸ்ட்ரி பாதி மறந்துபோச்சு, ரெண்டு பேரும் சேந்து பாப்போம். என்ன புரியலன்னு மட்டும் கேளு'ன்னாரு. போனேன். வாசல் வரைக்கும் போனேன். செருப்பைக் கழட்டிட்டேன். உள்ள எட்டிப் பாத்தா ஏழாம் வகுப்புப் பொடியன்கள் நாலஞ்சு பேரு உக்காந்து படம் வரைஞ்சிட்டு இருக்கானுவ. அவனுக முன்னால நான் போய் எனக்கு மோல்னா என்னன்னு தெரியாது சார்னு கேக்கணும். செருப்பை மாட்டிக்கிட்டு வந்துட்டேன். மறுநாள் அவரைப் பாக்கணுமேன்னு பள்ளிக்கூடத்துக்குப் போகல. அதுக்கு மறுநாள் நேத்து ஏன் வரலன்னு கேப்பாங்களேன்னு போகல. அப்படியே எட்டு மாசம். கேட்டா சிரிப்பாங்க. எனக்கே சிரிப்பா வரும், ராத்திரி மட்டும் வராது.

முப்பத்தெட்டு சதவீதத்துல கோடு நின்னுட்டு. நிக்கும், திரும்பப் போகும். போகல. மணி மூணு அம்பது. அக்கா கழுத்துச் செயினைப் பல்லுல வச்சுக் கடிச்சுக்கிட்டு நின்னாங்க. ஜெனோவா மட்டும் நாற்காலியைத் தூக்கிட்டு வந்து மேசைக்கு எதிரே போட்டு, ஏறி நின்னு, தலையில இருந்து இடுப்பு வரைக்கும் கேமராவுல வரணும்னு அளவு பாத்து இறங்கி, நாற்காலியை ஒரு சாண் தள்ளிப் போட்டு, திரும்ப ஏறினா. புதுச் சட்டை. ரெண்டு கையிலயும் நகப்பூச்சு, இன்னைக்குப் போட்டது, அப்பா கண்ணுக்குக் கை நல்லாத் தெரியணும்னு. இப்பவும் அந்தப் பட்டனை அமுக்கலாம். அமுக்கினா சார் அந்த நிமிஷமே சரின்னு அமுக்கிருவாரு, கையில போன் இல்லாம அவரைப் பாத்ததில்ல. ஆனா அமுக்கின கையோட போனையும் அடிப்பாரு, எலே எங்க இருக்க, எப்படி இருக்கன்னு. என் போன்ல கால் வந்தா நெட்டு அறுந்துரும், பழைய போன், ரெண்டும் சேந்து ஓடாது. நெட்டு அறுந்தா இந்தப் புள்ளையோட வீடியோ கால் போச்சு. அதனாலதான் நான் அமுக்கல. புள்ளைக்காகத்தான். நல்லா இருக்கு இந்தக் காரணம், வழவழன்னு இருக்கு, அம்மா சொல்லுற கஷ்டம்ங்கிற காரணம் மாதிரியே. அது நல்லா இருக்குறதுனாலயே அது பொய்யின்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு. எழுந்துபோய் ஜன்னல்ல இருந்த போனைக் கம்பிக்கு வெளிய நீட்டிப் பிடிச்சேன். வெளிய வெயில், எதிர்வீட்டு மாடியில காயப்போட்ட நெத்திலி வாசனை. இந்தப் புள்ள கால் கிடைக்காமப் போனா என் மூஞ்சியில என்ன தெரியும்னு அவ பாப்பா. ஒரு பட்டனை அமுக்க வெக்கப்பட்டு ஒருத்தன் அவ அப்பாவைக் காட்டாம விட்டுட்டான்னு தெரியாது அவளுக்கு. எனக்குத் தெரியும். கை வலிச்சுது, மாத்தல. 'தம்பி, நகருது'ன்னாங்க அக்கா. நாப்பத்தொண்ணு. அம்பத்தாறு. அப்புறம் ஒரே ஓட்டம்.

வெற்றிகரமாக நிறுவப்பட்டதுன்னு பச்சையில வந்துச்சு. ஆப்பைத் திறந்தேன், உள்ள போறதுக்குக் கப்பல்ல குடுத்திருந்த குடும்ப நம்பரை அக்கா வாசிக்க வாசிக்க அடிச்சேன். நாலு மணி தாண்டிட்டு. நாலு அஞ்சு. ஒண்ணும் இல்ல. நாலு ஒம்போதுக்குத் திரை துடிச்சுது. ஆரஞ்சு கலர் உடுப்புல ஒரு மனுசன், பின்னால வெள்ளை இரும்புச் சுவரு, போனை எதுமேலயோ சாச்சு வச்சுட்டு ரெண்டு எட்டு பின்னால போனாரு, ரெண்டு கையையும் தூக்கினாரு. அவ்வளவுதான். அப்புறம் அந்த வீட்டுல சத்தமே இல்ல. இப்படி ஒரு கால் நான் பாத்ததே இல்ல. ஃபேன் சத்தம், ஜெனோவா வளையல் சத்தம், வேற ஒண்ணும் கிடையாது, ஆனா அவங்க ரெண்டு பேரும் கத்திக்கிட்டு இருந்தாங்க. நான் கேக்காமலே அக்கா என் காதுகிட்ட சொல்லிக்கிட்டு வந்தாங்க. "பல்லு விழுந்ததைக் காட்டுதா… சைக்கிள் கேக்கா. அவரு சரிங்காரு. மீன் தொட்டி கேக்கா. வேண்டாங்காரு. இல்ல, வேணுமாம்… இப்பவும் வேண்டாங்காரு. எப்ப வருவன்னு கேக்கா. அவரு மாசத்தை எண்ணிக் காட்டுதாரு. அது கூடாதாம், அதுக்கு முந்தி வரணுமாம். கழுத… திரும்பவும் மீன் தொட்டி கேக்கா." அவரு இல்லன்னு தலையை ஆட்ட ஆட்ட அவ கேட்டா. இல்லன்னா அவளுக்கு ஒண்ணுமே ஆகல. முகம் ஒரு நொடி சுருங்குது, அடுத்த கேள்விக்கு விரிஞ்சிருது. இவ்வளவு கேக்குறதுக்கு இவளுக்குக் கூச்சமே இல்லையேன்னு பாத்துக்கிட்டே இருந்தேன். ஆறிப்போன பூஸ்டை எடுத்துக் குடிச்சேன். "ஆடை படிஞ்சிருக்கும், எடுத்துப் போடு"ன்னாங்க அக்கா, "டீத்தூள் தீந்துபோச்சு தம்பி, நானும் அதையேதான் குடிச்சேன்." அடுப்படித் திட்டுல மூணாவது டம்ளர் இருந்துச்சு. அதுவரைக்கும் நான் அதைப் பாக்கவே இல்ல. அப்ப டெல்மார் அண்ணன் கிட்ட வந்து வாயால பேசினாரு. "தம்பிதான் போட்டுக் குடுத்தீங்களா? ரொம்ப சந்தோஷம் தம்பி. என்ன படிச்சிருக்கீங்க?" "டிப்ளமோண்ணே"ன்னேன். இந்தத் தடவையும் சாதாரணமா வந்துச்சு. ஜெனோவா என் வாயைப் படிச்சிருப்பா போல. என்னைப் பாத்தா, அவ அப்பாவைப் பாத்தா, உள்ளங்கை தரையைப் பாத்துத் திரும்பிச்சு, இடுப்புகிட்ட இறங்கப் போச்சு. அக்கா அந்தக் கையைப் பிடிச்சு மெதுவா தன் கைக்குள்ள வச்சுக்கிட்டாங்க. "கெட்டிக்காரப் பையன்ங்க"ன்னாங்க திரையைப் பாத்து. என்னைப் பாக்கல. நான் பொய் சொல்லுறேன்னு அவங்களுக்குத் தெரியும், எனக்காக அவங்களும் ஒண்ணைச் சேத்துச் சொல்லிட்டாங்க. டம்ளரைக் கீழ வச்சேன்.

கால் முடிஞ்சுது. அறுந்து போகல, அவரா கையை ஆட்டி ஆட்டி முடிச்சாரு. ஜெனோவா நாற்காலியில இருந்து இறங்கி இருட்டான திரையைக் கொஞ்ச நேரம் தொட்டுக்கிட்டு நின்னா. ஆப்பை இறக்கினதும் பின்னால இருந்து அந்த வெள்ளைப் பக்கம் எந்திரிச்சு வந்துச்சு. அங்கயேதான் இருந்திருக்கு. முதல் எழுத்து, நட்சத்திரம், நீலப் பட்டன். "அதை மூடிரு தம்பி, புள்ள எதையாவது அமுக்கி வச்சிரும்"னாங்க அக்கா. மௌஸைக் கொண்டுபோனேன். இப்ப ஆப் வேண்டாம், ஆப் ஏறியாச்சு. இப்ப நெட்டு அறுந்தா யாருக்கும் ஒண்ணும் இல்ல. அம்பு நீலத்து மேல நின்னுச்சு. ஜெனோவா பட்டனைக் காட்டிப் புருவத்தைத் தூக்கினா, அமுக்கலையான்னு. சார் இந்நேரம் லேபைப் பூட்டிட்டு டீக்கடையில நிப்பாரு, போன் கையில இருக்கும். எதுக்குன்னாலும் அமுக்குங்கலே, நான் சரின்னு சொல்லுதேன், நீங்க கேக்க மட்டும் கேளுங்கன்னாரு. மேல வலது மூலையில கணக்கை விட்டு வெளியேறுன்னு சின்னதா ஒண்ணு இருந்துச்சு. அதை அமுக்கினேன்.